காற்றாலைப் பாடம்

“அந்தப் பதிவை எடுத்துரு யோலிமா, சொல்றேன்ல...”

“எடுக்க மாட்டேன். அந்தப் புள்ள ரெண்டு வாரமா குனிஞ்ச தலை நிமிராம...”

“செத்தவர் பேரு அதுல இருக்கு. அதுவும் அவரே சொல்றாரு!”

“பேரை மட்டும் வெட்டிடறேன். ஒரு நிமிஷ வேலை.”

“குரலைக் கேட்டா பேரு தன்னால நெஞ்சுல வராதா? உனக்கு இது புரியாது. நீ அரிஹூனா.”

அரிஹூனா என்றால் வெளியாள். கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்து வருஷக்கணக்கில் இந்தக் குவாஹிரா மணலைத் தின்றுகொண்டிருக்கிற யோலிமாவுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைக்கும். தெரிந்தேதான் நெய்டா சொன்னாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏனென்றால் தப்பு தன்னுடையது என்று அவளுக்கே தெரியும். கரும்பலகையைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பிள்ளைகளுக்கு, அவர்களே படமும் சத்தமும் சேர்த்துப் பாடம் செய்யட்டும் என்றது யோலிமா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாடம். பேசுகிறவர் யாரானாலும் முதலில் தன் பேரையும் குலத்தையும் சொல்ல வேண்டும், தங்கள் வாயூ இனத்து மரியாதை அதுதான் என்று கண்டிப்பாகச் சொன்னது நெய்டா. மாணவி லுஸ்மிலா தன் அப்பாவைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். ஊர்க் காற்றாலையைப் பழுது பார்க்கிறவர் அவர். பதிவு செய்த கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். போனவர் பேரை வீட்டார் காதுபட எடுப்பது ஆறாத புண்ணைக் கிளறுகிற மாதிரி. வாயூக்காரர் யாரும் அதைச் செய்யத் துணியமாட்டார்கள். சாயங்காலம் பெற்றோரெல்லாம் படம் பார்க்க வருகிறார்கள். லுஸ்மிலாவின் அம்மா அமரிலிஸும்தான்.

“அப்பா போனதுலேர்ந்து அவ வாயைத் திறந்ததே இந்த வேலைக்காகத்தான், நெய்டா. இதையும் பிடுங்கிட்டா நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவாளா?”

வாசலில் நிழல் தட்டியது. டேப்லெட்டை மார்போடு அணைத்தபடி லுஸ்மிலா.

“நீங்க சண்டை போடறது ஆட்டுப்பட்டி வரைக்கும் கேக்குது டீச்சர். ஆடெல்லாம் மேயாம நிக்குது.”

“லுஸ்மி, அப்பாவோட குரல்...”

“நேத்தே வெட்டி எடுத்துட்டேன். டீச்சர் கணினியில இருக்கறது பழசு.”

“முழுசாவா?”

“முழுசா. எங்க வீட்டுல எதைச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப என்னடி மிச்சம்?” என்றாள் யோலிமா.

“போடும்போது பாருங்க.”

சாயங்காலம் கள்ளிமரச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, சூரியத் தகட்டு மின்கலத்தில் புரொஜெக்டரை மாட்டினார்கள். முதல் படங்களுக்கு ஒரே கூத்து. “ஏய், அது எங்க கெடா!” “உங்க கெடாவா? எங்க தண்ணியைக் குடிக்குது பாரு, திருட்டுக் கெடா!” பெரியவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அப்புறம் லுஸ்மிலாவின் படங்கள். சுழலும் சக்கரம். துருப்பிடித்த குழாய். திருகுசாவி பிடித்த கை, முகம் இல்லை. பேச்சும் இல்லை. அப்பா வாக்கியத்துக்கு வாக்கியம் விட்ட இடைவெளிகளை மட்டும் அந்தப் பெண் ஒட்டி வைத்திருந்தாள். காற்று. காற்றாலைத் தகட்டின் கிறீச்சு. நடுநடுவே இரும்பின் மேல் இரும்பு: நிதானமாக ஒரு தட்டு, கொஞ்சம் யோசனை, பிறகு சடசடவென்று. ஊரில் அப்படித் தட்டுகிறவர் ஒருவர்தான் இருந்தார். கடைசியில் தொட்டியில் தண்ணீர் விழுகிற ஓசை.

நெய்டா திரையைப் பார்க்கவில்லை, அமரிலிஸைப் பார்த்தாள். அவள் தலைத்துணியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து போய்விட்டால், மகளையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் போவாள். பிறகு இந்த வாசலை மிதிக்கமாட்டார்கள்.

அவள் எழவில்லை. துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“லுஸ்மி, குழாயை அப்படித் தட்டுறது யாரும்மா?”