வழித்த நாக்கு

1994 பெப்ரவரி 12, சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, ரொறன்ரோ ஸ்பாடினா அவெனியூவில் உள்ள ஒரு சீன மருந்துக்கடையில் இக்னேசியஸ் நாக்கை நீட்டினார்.

வைத்தியர் லாவ் குனிந்து பார்த்துவிட்டுக் கன்ரனீசில் ஏதோ முணுமுணுத்தார். அவருடைய மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இக்னேசியசின் மருமகள் கிளடிஸ் தமிழில் சொன்னாள்.

"நாக்கு வழிச்சனீங்களோ எண்டு கேக்கினம், மாமா."

"ஓம். வைத்தியரிட்டை வாறதெண்டு ரெண்டு தரம் வழிச்சனான்."

"அதுதான் பிழையாம். நாக்கிலை படிஞ்சிருக்கிறதைப் பாத்துத்தானாம் வயித்தைச் சொல்லுறது. பாக்க வேண்டியதைக் கழுவிப்போட்டு வந்திருக்கிறியளாம்."

"ஊத்தை நாக்கோடை வந்தால்தான் இவருக்குச் சந்தோசம் போலை."

மூன்று கிழமையாக அவருக்கு மேல்வயிற்றில் எரிவு. குடும்ப வைத்தியரின் குளிசை கேட்கவில்லை. பேக்கரியில் கூட வேலைசெய்யும் சீனர் ஒருவர்தான் இந்த இடத்தைச் சொன்னார்.

லாவ் நாடி பிடித்தார். சுவரை நிறைத்திருந்த சின்ன இழுப்பு லாச்சிகளில் நான்கைந்தைத் திறந்து, பட்டையும் வேருமாகத் தராசில் நிறுத்துக் கடதாசியில் கொட்டினார். மடிக்கத் தொடங்கியவர் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

கிளடிஸ் தயங்கினாள்.

"வெளிக்குப் போறது என்ன நிறமெண்டு கேக்கிறார், மாமா. கறுப்பெண்டால் உள்ளுக்கை ரத்தம் போகுதாம். இந்த மருந்து அதை இன்னும் கூட்டுமாம். உயிருக்கு ஆபத்தாம்."

இக்னேசியஸ் சுவரைப் பார்த்தார். "உதெல்லாம் மருமேளிட்டைச் சொல்லுற கதையே? வழமை மாதிரி எண்டு சொல்லு."

"மாமா..."

"சொல்லு எண்டனான்."

நேற்றுக் காலை குளியலறையைக் கழுவியவள் கிளடிஸ்தான். கழிப்பறைக் கோப்பையில் தார் மாதிரிக் கறுப்பாக ஒட்டியிருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விடும் என்று கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

லாவின் மகள் பதிலுக்குக் காத்திருந்தாள். கடதாசியின் இரண்டு ஓரங்கள் மடிந்துவிட்டன. லாவ் மூன்றாவதில் விரலை வைத்தார்.

"பிளாக்," என்றாள் கிளடிஸ்.

இக்னேசியசுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் இருந்தது.

"ஆர் உன்னைக் கேட்டது?" என்று எழும்பினார். எழும்பிய வேகத்தில் தலை சுற்றி, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

லாவ் கடதாசியை விரித்து, வேர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப லாச்சிகளில் போட்டார். மகள் அம்புலன்சுக்கு அடித்தாள்.

மருத்துவமனையில் இரைப்பைப் புண் என்றார்கள். மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள். எட்டாம் நாள் வீடு வந்தார். உயிர்த்த ஞாயிறு வரை கிளடிசுடன் பேசவில்லை.