முதல் வேலிக்கால்

பார்லாவுக்கு வலது முட்டி விடிந்ததிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது. குளிருக்கு வரும் வலியென்றால் அடுப்புப் பக்கம் நீட்டினால் கொஞ்சம் அடங்கும். இது அப்படி அடங்குகிற வலி இல்லை. பனியில் சறுக்க வருகிறவர்களை மலைச்சரிவில் மேலே இழுத்துப்போகும் லிஃப்ட்டின் அடியில் நின்று, மேலே ஓடும் கம்பிவடத்தில் தொங்கி வரும் கட்டையை எட்டிப் பிடித்து, இரண்டிரண்டு பேராக வந்து நிற்பவர்களின் இடுப்புக்குக் கீழே கொடுத்துவிட்டு அடுத்த கட்டைக்குத் திரும்பவேண்டும். எத்தனையோ குளிர்காலமாக அதே திருப்பம், அதே கால்.

“உக்காராதீங்க! சும்மா சாஞ்சு நில்லுங்க, அதுவே இழுத்துட்டுப் போகும். நாற்காலியா அது?”

பட்டணத்துத் தம்பதி உட்கார்ந்தார்கள். பத்தடி போவதற்குள் ஒருவர்மேல் ஒருவராகப் பனியில் கிடந்தார்கள். பார்லா லிஃப்டை நிறுத்தி, போய்த் தூக்கிவிட்டு வந்தாள். சுர்மெல்லுக்கு வருகிறவர்கள் இப்படித்தான். பெரிய ஊர்களில் சறுக்கக் கட்டுப்படியாகாதவர்கள், இல்லையென்றால் மலைப்பாதையில் திருப்பம் தவறியவர்கள். ஒரே லிஃப்ட், ஒரே சரிவு, கீழே மெஞ்சாவின் சூப்புக்கடை. அதற்குமேல் இங்கே ஒன்றும் கிடையாது.

அந்த ஆள் மட்டும் இந்த இரண்டு கணக்கிலும் சேரவில்லை.

ஐம்பதை நெருங்கிய உடம்பு. தடித்த விரல்கள், வேலை செய்கிற கை. முந்தாநாள் பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்து மூன்று நாளுக்கு ஒரு டிக்கெட் கேட்டார். காலில் சறுக்குக் கட்டை இல்லை.

“கட்டை வாடகைக்கு இருக்குங்க,” என்றாள் பார்லா.

“வேணாங்க. மேல நிக்கும்போது யாராச்சும் கேட்டா காட்டணும்ல, அதுக்குத்தான் டிக்கெட்டு.”

டிக்கெட்டைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு சரிவின் ஓரமாகவே நடந்து ஏறினார். ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் ஆள் உயர இரும்புக் கம்பி. பாதி மேட்டில் நின்று கம்பியைப் பனிக்குள் குத்தினார். உருவினார். ஓரடி தள்ளி மறுபடி குத்தினார். பலகாரம் வெந்ததா என்று குச்சி விட்டுப் பார்க்கிற மாதிரி, பொழுது சாயும்வரை அதே வேலை. மறுநாளும் வந்தார். இன்றைக்கும் வந்துவிட்டார்.

மத்தியானம் லிஃப்டைக் கொஞ்சநேரம் நிறுத்திவிட்டு சூப்புக்கடையில் உட்கார்ந்தபோது பேச்சே அவரைப் பற்றித்தான்.

“கல்யாண மோதிரத்தத் தொலைச்சிருப்பான்,” என்றாள் மெஞ்சா, பார்லி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியபடி. “பொண்டாட்டி, அது இல்லாம வீட்டுக்கு வராதேன்னுருப்பா.”

“இதுக்கு முன்னாடி நம்ம சரிவுக்கே வராத ஆளு மோதிரத்த எப்படிடி தொலைப்பான்?” என்றாள் பார்லா.

“அப்ப பொணம்.”

“வாயக் கழுவு.”

பனியைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டுகிற குர்தின் ரொட்டியைச் சூப்பில் முக்கினான். லிஃப்ட் கூட்டுறவுக்குத் தலைவனும் அவன்தான். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் அவன். “அக்கா, நீங்க சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்தாளு நிக்கிற எடத்தப் பாத்தீங்களா?”

பார்லா பார்த்திருந்தாள். முதல் நாளே பார்த்துவிட்டாள்.

அவர் குத்திக்கொண்டிருந்த இடம் ஜாகெனின் புல்வெளி. சரிவுக்கு அது தொண்டைக்குழி மாதிரி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஓடைப்பள்ளம். நடுவில் அந்தப் புல்வெளி ஒன்றுதான் வழி. அதன் வழியாகத்தான் லிஃப்டும் ஏறுகிறது, சறுக்குகிறவர்களும் இறங்குகிறார்கள். சுர்மெல்லில் இதற்கெல்லாம் கையெழுத்து கிடையாது. இலையுதிர்காலத்தில், முதல் பனிக்கு முன்னால், நிலத்துக்காரர் தன் வேலியின் முதல் காலைத் தன் கையால் பிடுங்கவேண்டும். அவர் பிடுங்கினால் சம்மதம். மிச்சக் கால்களை ஊரே சேர்ந்து பிடுங்கி அடுக்கிவைக்கும், பனி கரைந்ததும் ஊரே நட்டும் கொடுக்கும். முதல் காலில் அவர் கை வைக்காவிட்டால் அந்தக் குளிர்காலத்துக்கு லிஃப்ட் இல்லை. ஜாகென் ஒவ்வொரு வருஷமும் பிடுங்கினார், ஒவ்வொரு வருஷமும் திட்டிக்கொண்டே பிடுங்கினார்.

போன கோடை முடிவில் ஜாகென் கீழே பட்டணத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. பெண்டாட்டி சின்ன வயதிலேயே பையனைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் போனவள். அந்தப் பையன் எங்கே இருக்கிறான், வருவானா என்று யாருக்கும் தெரியவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேலி அப்படியே நின்றது. எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பார்லாதான் போய் முதல் காலைப் பிடுங்கினாள்.

லிஃப்ட் நின்றால் அவளுக்குக் குளிர்காலத்தில் வேறு பிழைப்பில்லை. கீழே ஆற்றோர ஓட்டல்களில் படுக்கை விரிக்கும் வேலை கிடைக்கும். நாள் முழுக்க மண்டியிடுகிற வேலை. இந்த முட்டியோடு ஒரு வாரம் தாங்காது. அதைத்தான் அன்றைக்கு நினைத்தாள். நினைத்துக்கொண்டே பிடுங்கினாள்.

“குர்தின், லிஃப்டக் கொஞ்சம் நீ பாத்துக்க. நான் போய்க் கேட்டுட்டு வரேன்.”

“என்னன்னு கேப்பீங்க?”

“என்ன தேடுறீங்கன்னு. மூணு நாளா மண்டையக் கொடையுதுடா. முட்டிவலியே தேவலாம் போல.”

சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு லிஃப்டில் சாய்ந்து பாதி மேடு வந்து விலகினாள். அவர் மண்டியிட்டு, தோண்டிய குழிக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். மீசையெல்லாம் பனி.

“மன்னிச்சுக்கங்க, கேக்காம இருக்க முடியல. நீங்க குழாய் தேடுற தண்ணி ஆபீஸ் ஆளா?”

“இல்லங்க. குளியலறைக்கு ஓடு ஒட்டுறவன்.” முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “உங்களுக்குமா முட்டி? ஏறி வரும்போதே பாத்தேன். எனக்கு ரெண்டும் போச்சு.”

“ஓடு ஒட்டுறவருக்கு மலையில என்ன வேலை?”

“எனக்கே வெளங்கல.” சிரித்தார். “இங்க ஒரு வேலி இருக்கணும். பனிக்கு அடியில ஒரு காலாவது கம்பியில தட்டுப்படணும்ல? ஒண்ணு கூட இல்லையே. எடம் மாறிட்டேனா?”

அப்போதுதான் அவள் அந்த மண்வெட்டியைப் பார்த்தாள். பனியில் செங்குத்தாக நட்டிருந்தது. அதன் பிடியில் கத்தியால் கீறிய ஓர் அடையாளம்: இரண்டு கோடு, குறுக்கே ஒரு கொக்கி. ஜாகென் வீட்டுக் குறி. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. ஏணியில், வாளியில், வேலிக்காலில் எல்லாம் அதைக் கீறிவைப்பார்கள்.

“நீங்க ஜாகென் மகனா?”

“மௌருஸ். அவர பாத்தது நாலஞ்சு தடவைதான். கடைசியா ஆஸ்பத்திரியில. பெருசா ஒண்ணும் பேசல. ‘பனிக்கு முன்னாடி போயி மொதக் கால நீயே புடுங்கு’ன்னார், அவ்வளவுதான். எதுக்குன்னு சொல்லல. அப்புறம் எழவு, வேலை, ஒண்ணு மாத்தி ஒண்ணு. இப்பதான் வர முடிஞ்சுது. வந்து பாத்தா வேலியே காணோம்! அந்தக் கால புடுங்குனா என்னதான் ஆகும்? அதாங்க எனக்குத் தெரியணும்.”

பார்லா சொன்னாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். தலைக்குமேல் ஓடும் வடத்தைப் பார்த்தார், கீழே கத்திக்கொண்டு சறுக்கும் பிள்ளைகளைப் பார்த்தார்.

“அப்ப என் கை படாம இது ஓடக் கூடாது.”

“ஓடக் கூடாது.”

“ஓடுதே. புடுங்குனது யாரு?”

குர்தினாக இருந்தால் ஊர் கூடிப் பிடுங்கியது என்று சொல்லியிருப்பான். மெஞ்சாவாக இருந்தால் காற்றில் விழுந்தது என்றிருப்பாள். பார்லாவுக்கும் நாக்கு நுனியில் ஏதேதோ வந்தது.

“நான்தான்.”

“சரி. புடுங்குன காலெல்லாம் எங்க?”

இதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சரிவில் நிலம் இருக்கிற மற்றவர்களின் கால்களை அந்தந்த வீட்டார் வந்து எடுத்துப்போய்விடுவார்கள். ஜாகெனுடையதை எடுக்க ஆளில்லை. லிஃப்ட் அறைக்குப் பின்னால் அடுக்கிவைத்தாள். தை மாதக் குளிரில் விறகு தீர்ந்தது, குர்தின் இன்றைக்குக் கொண்டுவருகிறேன், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான். ஒரு நாள் ஒரு கால். மறுநாள் இன்னொன்று. குறி கண்ணில் படாதபடி அந்தப் பக்கத்தையே முதலில் தீக்குள் விடுவாள்.

“எரிச்சிட்டேன்,” என்றாள். “முட்டிக்கு.”

மௌருஸ் கம்பியைப் பனியில் ஊன்றினார். “எல்லாத்தையுமா?”

“ஒண்ணு இருக்கு. கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்.”

“நல்லா எரிஞ்சுதா?”

“மலையில வளர்ற லார்ச்சு மரம். வெடிச்சு வெடிச்சு எரிஞ்சுது. சூடு ராத்திரி வரைக்கும் நின்னுது.”

“அது போதும் போங்க,” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “அந்த ஒண்ணக் காட்டுங்க.”

அவள் சறுக்கி இறங்கினாள். அவர் ஓரமாக நடந்து வந்தார். அறைக் கதவிலிருந்து காலை எடுத்துக் கொடுத்தாள். அவர் குறியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, அதை மிதித்து மிதித்துப் பனிக்குள் நட்டார். ஒரு முறை சுற்றிவந்து பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து, முக்கி, பிடுங்கினார்.

“இப்ப ஓடலாமா?”

“எடம் அது இல்லையே. புல்வெளி மேல இருக்கு,” என்றான் குர்தின்.

“டேய், வாய மூடு,” என்றாள் பார்லா.

மௌருஸ் முதல்முறையாக உரக்கச் சிரித்தார். “ஓடட்டும், பனி கரையற வரைக்கும் ஓடட்டும். ஆனா ஒண்ணு. ஆனி மாசம் என் மச்சானோட ஆடுங்க அந்தப் புல்வெளிக்கு வருது. வேலி இல்லேன்னா அத்தனையும் ஓடையில விழும். அதுவும் இல்லாம,” காலை அவள் கையில் கொடுத்தார், “வேலி நின்னாத்தான் அடுத்த பனிக்கு முன்னாடி வந்து நான் புடுங்க முடியும். புடுங்க ஒண்ணுமில்லேன்னா, நீங்களே சொன்னீங்க.”

“லிஃப்ட் இல்ல.”

“நான் சொல்லல, உங்க ஊர் சொல்லுது.”

“ஊரோட சேர்ந்துதானே நடணும்,” என்றான் குர்தின் மெதுவாக.

“நட ஊரு வரும். எரிச்சது நான்,” என்றாள் பார்லா. “மரம் வெட்டி, நுனி சீவி, குறி கீறி, எல்லாம் என் வேலை. விறகு கொண்டாராத நீ ரம்பத்தோட மறுமுனையப் புடி.”

மௌருஸ் டிக்கெட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். “மூணு நாள் டிக்கெட்டு, ஒரு தடவகூட இழுக்கல. அந்தக் கட்டை நம்ம நிலத்துமேல எப்படிப் போகுதுன்னு ஒருதரம் பாக்கணும்.”

அவர் காலில் சறுக்குக் கட்டை மாட்டிவிட்டு, பக்கத்தில் அவளே நின்றாள். “உக்காராதீங்க. சாஞ்சுக்கோங்க.”

அவர் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். வலது முட்டி பனிக்கடியில் எங்கோ இடித்தது. பார்லா வாய்விட்டுக் கத்திவிட்டுச் சிரித்தாள். இரண்டாவது தடவை அவர் சாய்ந்தார். கட்டை இருவரையும் இழுத்துக்கொண்டு, தொண்டைக்குழி வழியாக, ஜாகெனின் புல்வெளிமேல் ஏறியது.

பொழுது சாய்ந்து அவரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தவள், மிஞ்சிய காலை மறுபடி கதவுக்கு முட்டுக் கொடுக்கவில்லை. புதுக் கால்களுக்கு அளவு பார்க்க வேண்டுமென்று ஆணியில் மாட்டினாள். அடுப்பு அணைந்திருந்தது. ஜாகென் வீட்டுக்கு அவள் ஒரு முழு வேலி பாக்கி வைத்திருந்தாள், ஒரு கால் நீங்கலாக.