பௌர்ணமியில் பார்த்த சாய்வுப் பலகை

நல்ல காரியத்துக்கு நல்ல நாள் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் கடலையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? பொறியாளர் முருகானந்தம், தான் வரைந்த சாய்வுப் பலகையைச் சோதித்துப் பார்க்கப் பௌர்ணமி சனிக்கிழமையைக் குறித்துவிட்டார். போர்ட் பிளேரில் பௌர்ணமிக் காலை ஒன்பதரைக்குக் கடல் தளும்பி நிற்கும். படகின் தளம் படகுத்துறைக்குச் சமமாக வந்துவிடும். ஜோஸ்லின் தன் சக்கர நாற்காலியைப் புதுச் சாய்வுப் பலகையில் உருட்டி, ஒருவர் கையும் படாமல் படகில் ஏறி இறங்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அவ்வளவுதான், ஓகே!" என்று முருகானந்தம் ஒப்புதல் தாளை நீட்டினார். "பயன்படுத்துறவங்க சார்பா ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. இன்னைக்கே மெயின்லேண்டுக்கு அனுப்பிடலாம்."

ஜோஸ்லினுக்குத் திங்கட்கிழமை முதல் ஹேவ்லாக் தீவுப் பள்ளியில் டீச்சர் வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோக வேண்டும். இதுவரை எந்தப் படகானாலும் அதில் வேலை செய்யும் கலாசிகள் இரண்டு பேர் அவளை அலாக்காகத் தூக்கித்தான் ஏற்றி இறக்கினார்கள். இருபத்தாறு வயதுப் பெண்ணை, அரிசி மூட்டை மாதிரி! இந்தப் பலகை சரியாக அமைந்தால் விமோசனம். கோணலாக அமைந்தால், கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு ஆயுசுக்கும் மூட்டைதான்.

"மூணரைக்குப் போடுதேன் சார்," என்றாள்.

"எதுக்கு?"

"அப்பந்தான் தண்ணி வத்தும். நான் வீட்டுக்கு வார படகு சாயங்காலம்லா?"

"இன்னைக்கு அனுப்பலைன்னா இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மிரட்டல் பலிக்கவில்லை. மீன்பிடிக்கும் பிரகாசத்தின் மகளுக்குத் தண்ணீர் ஏறி இறங்குவதை ஆபீஸ்காரர் சொல்லித்தரவா வேண்டும்? முருகானந்தம் முணுமுணுத்துக்கொண்டே சமோசாவும் டீயுமாகப் பொழுதைப் போக்கினார்.

மூன்றரைக்குப் படகு ஆளுயரம் கீழே போயிருந்தது. பலகை பூங்காச் சறுக்குமரம் போலக் கிடந்தது.

"கலாசிங்க பிடிச்சுக்குவாங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப நீங்க உக்காருங்க சார்." அவள் பெஞ்சுக்கு மாறி, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

அத்தனை பேர் பார்க்கும்போது எப்படி மறுப்பது? உட்கார்ந்தார். நாலு கலாசிகள் பிடித்தார்கள். பாதி வழியில் நாற்காலி முன்னால் சாய, "அரே, ருக்கோ! நிறுத்துங்க! ஐயோ, மேல இழுங்கப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் ஓடி வந்தார். மேலே இழுத்துவிட்ட பிறகும் மனுஷன் கைப்பிடியை விடவில்லை.

"தப்புதாம்மா," என்று வேர்வையைத் துடைத்தார். "புதுசா வரைஞ்சு எடுத்துட்டு வர்றேன். பார்த்துச் சரின்னு சொல்லுங்க."

"வரைஞ்சு முடிச்ச பொறவு நான் என்னத்தச் சொல்ல? வெத்துத் தாளைக் கொண்டுவாங்க. திங்கக்கிழமை என்கூட ஹேவ்லாக் வாங்க. அங்கயும் இறங்கணும்லா?"

வந்தார். காலைத் தண்ணீர் ஏறியிருந்ததால் ஜோஸ்லின் தானாகவே படகில் ஏறினாள். வெற்றுத் தாளை வாங்கி மடியில் வைத்து, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டாள்.

"மேல உள்ளது ஏத்தம், கீழ உள்ளது வத்தல். நடுவுல தண்ணி எங்க நின்னாலும் நான் தனியா இறங்கணும். இப்பப் பென்சில எடுங்க சார்."