கறுப்புத் திரையில் ஒரு வரி

அசீனா சுவிட்சைப் போட்டாள். விண்டோஸின் மேகப் படம் நேராக வந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடியும் மேகம்தான்.

"அண்ணே, அவிய எழுதுன வரி எங்க?"

பையைக் கட்டிக்கொண்டிருந்த சுந்தரபாண்டியன், அவள் புருஷனின் நண்பன், கட்டுவதை விட்டுத் திரையைப் பார்த்தான். வைரஸ் பிடித்த விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். அந்த வரியை அவன் நினைக்கவே இல்லை.

ராஜபாளையத்தில் அந்தக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை அசீனாவின் புருஷன் பீர் முகமது வைத்தது. பிழைப்புக்கு விண்டோஸ், கிறுக்குக்கு லினக்ஸ் என்று ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் குடிவைத்திருந்தான். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் எது வேண்டுமென்று கேட்கும்; பெயரை அடித்தால் அதைத் திறக்கும். அதற்கு மேலே இங்கிலீஷ் எழுத்தில் அவன் எழுதிவைத்த வரி: 'அசீனா, சாப்ட்டியா?' பத்து விநாடி பார்த்துவிட்டு அதுவே விண்டோஸுக்குப் போய்விடும். போன வருடம் அவன் மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்துக் கடையைத் திறந்த அன்று சுவிட்சைப் போட்டாள். கேட்டான். அன்றிலிருந்து தினமும் கேட்கிறான், அவளும் வாய்விட்டுப் பதில் சொல்கிறாள். கிறுக்கு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் அவளை அரித்துத் தின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் உம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிச் சொல்லி, மூன்று தடவை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மறந்துபோனான். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து அப்படியே ஸ்கூட்டரில், அவளைக் கூட்டிவருவதாக உம்மாவிடம் சொல்லிவரப் போனவனை மடவார் வளாகம் பக்கம் லாரி அடித்துவிட்டது. கோபத்தோடு போனானா, கோபம் தீர்ந்து போனானா? அந்த வரிதான் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதுவும் சண்டைக்கு முன்னால் எழுதியது.

"அழாத தங்கச்சி. உள்ள அம்புட்டும் பத்திரமாத்தான் இருக்கும். விண்டோஸு வாசல மட்டுந்தான் அடச்சிருக்கு, செத்த நேரம் பொறு."

மேசை டிராயரில் பீர் முகமது கையெழுத்தில் 'தொடாதே' என்று எழுதிய, லினக்ஸை எழுப்பும் ஃபிளாப்பி இருந்தது. அதைச் செருகி சுந்தரபாண்டியன் லினக்ஸுக்குள் போனான். பாஸ்வேர்டு இரண்டு நண்பர்களுக்கும் தெரிந்ததுதான். ஒரே ஒரு கட்டளை. அடித்து, ஃபிளாப்பியை உருவி, மெஷினைத் திரும்ப எழுப்பினான்.

கறுப்புத் திரை வந்தது. வரி வந்தது.

'அசீனா, இன்னும் கோவமா?'

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பத்து விநாடி போய் மேகம் வந்துவிட்டது.

"நீங்க மாத்துனியளா?"

"ஆண்டவன் சத்தியமா இல்ல." சுந்தரபாண்டியன் மறுபடி உள்ளே போய்த் தேடினான். வரி இருந்த ஃபைலில் கடைசியாகக் கைவைத்த தேதியும் நேரமும் இருந்தன. பீர் முகமது போன அன்றுதான், காலை பத்தேகால். "எழுதுனது அவன்தான் தங்கச்சி. ஃபைல்ல எழுதிட்டு இந்தக் கட்டளையக் குடுத்தாத்தான் தெரையில புதுசு வரும். எப்பவும் அத மறந்துருவான் பாவி. அதான் பழசே வந்துக்கிட்டு இருந்திருக்கு. இப்ப நான் குடுக்கவும்..."

எதிர்க்கடையில் டீ குடித்து வருவதாக எழுந்தவன், வாசலில் நின்று திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "ஏதாச்சும் ஒரு எழுத்தத் தட்டு. பொறவு அது தானா விண்டோஸுக்குப் போகாது."

அசீனா சுவிட்சை அணைத்துப் போட்டாள். கேள்வி வந்தது. கம்ப்யூட்டரில் இத்தனை காலம் ஊரார் கல்யாணத்தையெல்லாம் அடித்த விரல்கள் எழுத்தைத் தேடின. 'இல்ல மச்சான்' என்று அதே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து எண்டரைத் தட்டினாள்.

அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றது மெஷின். அடுத்த வரியில் வெள்ளைக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது. மேலே அவன் கேட்டது அப்படியே இருந்தது.