பொக்கை உளியின் கோடு

அழகு பார்க்கப் போய் அடையாளத்தையே அழித்த ஒருத்தியின் கதை இது, கண்ணுகளா. கெட்டவள் இல்லை, பாவம். தச்சரின் மகள். அப்பா போன பிறகு, அண்ணன் வீட்டில் நின்ற அவருடைய மர பீரோவை அருங்காட்சியகம் கேட்டிருந்தது. ஆனால் அது உருவான, அவர் வேலை பார்த்த கடையில் தச்சர்கள் பலர். எதிலும் யாரும் பெயர் வெட்டியதில்லை. அவர் கைவேலைதான் என்று உறுதியானால் அருங்காட்சியகத்தில் பீரோ பக்கத்தில் வைக்கும் பலகையில் அவர் பெயர். இல்லாவிட்டால் கடை முதலாளியின் பெயர்.

அருங்காட்சியகத்திலிருந்து ஆய்வு செய்யும் அம்மா ஒருவர் வருகிறார் என்றதும், இவள் பீரோவை உள்ளும் புறமும் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு பூச்சு கிடையாது என்று அண்ணி கேலி செய்தாள்.

வந்தவர் இழுப்பறைகளைக் கவிழ்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

“உள்பக்கத்தை எதுக்கும்மா தேய்ச்சீங்க? உளி போன தடம் அங்கதான் இருந்திருக்கும்.”

இவள் குனிந்து, வழுவழுவென்றிருந்த உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

அப்பா செய்தது என்று நிச்சயமாகத் தெரிந்த சாமான் வேறு உண்டா என்று கேட்டார் அந்த அம்மா. அண்ணி சமையலறை முக்காலியைக் கொண்டுவந்தாள். மாமனார் அவள் கண்முன்னே செய்தது. அதன் அடியில் உளி சீவிய இடமெல்லாம் நூல் போல ஒரு மேடு ஓடியது. உளியின் கூர்வாயில் சில்லு போன பொக்கை விட்ட தடம் அது. சாணை பிடித்தும் போகாத பொக்கை. அந்த உளியை அவர் சொந்த மகனைக்கூடத் தொடவிட்டதில்லை. பீரோவிலும் அதே கோடு இருந்தால் போதும். ஆனால் உப்புத்தாள் எட்டாத இடம், பலகைகள் கோத்துச் சேரும் மூட்டுக்குள்ளே மட்டும்தான். ஒன்றைப் பிரிக்க வேண்டும். பழைய மரம், பிளந்தாலும் பிளக்கும்.

“மாமா செஞ்சத நீயே உடைக்கப் போறியா?” என்றாள் அண்ணி.

உடைந்து, உள்ளேயும் கோடு இல்லையென்றால் பீரோவும் போச்சு, பெயரும் போச்சு. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பிரிங்க.”

மூட்டில் வெந்நீர்த் துணியைச் சுற்றி, பசை இளகக் காத்திருந்தார்கள். பிறகு மரச்சுத்தியல் பேசியது. மரம் முனகியது. சட்டென்று ஒரு சத்தம். அண்ணிதான் இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஓரம் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே, வெளிச்சம் படாத வெளிறிய மரத்தில், நூல் போல அந்தக் கோடு.

“அவர் வேலைதான்,” என்றார் அந்த அம்மா. பிளவு தெரியாமல் ஒட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

இவள் தலையாட்டினாள். பலகையில் அப்பாவின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவர் கேட்டபோது, இவள் அந்தக் கோட்டையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணிதான் சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாக.