இரண்டாம் பாகத்தில் யானை விழுந்தது

1

இந்தக் கதை ஒரு மட்டமான படத்திலிருந்து பிறந்தது. நல்ல படத்திலிருந்து பிறந்திருந்தால் நானும் கொஞ்சம் நன்றாக எழுதியிருப்பேன்.

நான் பொய் சொல்கிறவன். சுரங்கத்தில் அறுபதாம் லெவலில் ஓர் எலி என்னிடம் பீடி கேட்டது, நெருப்புப் பெட்டி அதுவே வைத்திருந்தது என்று பத்தொன்பது வருஷம் சொல்லிவந்தேன். கோலார் தங்கவயலில் ஒருத்தரும் நம்பியதில்லை. அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒரே ஒரு தடவை, ஒருத்தர் நம்பிவிட்டார்.

2

முதல் வரிகளை எழுதிப் பார்த்தேன்.

"1967. மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் பனி..." (வேண்டாம். இந்தக் கதையில் யாரும் ரயில் ஏறவில்லை.)

"மிருகங்கள் பேசத் தொடங்கினால் மனிதன்..." (பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பேச்சு.)

"ஏகநாதன் நல்லவன்..." (நல்லவன் என்று ஆரம்பித்தால் அவனை நான் என்ன செய்யப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தவிர, அவன் என் டிபன் டப்பாவைத் திறந்து ஆம்லெட்டை மட்டும் தின்கிறவன்.)

சரி, படத்திலிருந்தே வருகிறேன். மிருகங்கள் பேசும் குடும்பப் படம். முதல் பாகம் எங்கள் கொட்டகையில் ஐந்து வாரம் ஓடியது. கழுதை வாயைத் திறந்தால் பண்ணையார் ஓடுவார். நான் முதலில் பார்த்துவிட்டு வந்து, இல்லாத சீன்களையும் சேர்த்து, என் கூட்டாளி ஏகநாதனுக்குச் சொன்னேன். அவன் பிறகு நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பொய்ச் சண்டைக்கு வந்தான்.

"இன்னாய்யா, கழுத கோர்ட்டுல சாட்சி சொல்றத வெட்டிட்டானுங்க?"

இரண்டாம் பாகம் வந்தபோது எனக்கு மதிய ஷிப்ட், அவனுக்குக் காலை. மாற்றிக்கொள்ளலாம் என்றது அவன்தான்.

"நான் பாத்தா அது வெறும் படம்யா. நீ வந்து சொல்லு, அப்பதான் கழுதைக்கு வாய் வரும். சௌந்தரத்தையும் கூட்டிம்போ, வீட்லயே கெடக்கறா."

சௌந்தரம் அவன் பெண்டாட்டி. என் வீட்டுக்காரியோடு அவளும் மேட்னிக்கு வந்தாள்.

3

இரண்டாம் பாகத்தில் எல்லா மிருகங்களும் திருந்திவிட்டன. கழுதை சுத்தத்தைப் பற்றிப் பேசியது. குரங்கு பல் தேய்க்கச் சொன்னது. வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வந்தது.

"யோவ், ஆட்ட மாத்திட்டானுங்கய்யா! பழைய ஆட்டுக்குக் காது கிழிஞ்சிருக்கும்!" என்றான் பின் பெஞ்சுத் தசரதன்.

"அது அப்பவே கொழம்பாயிருக்கும். குந்துய்யா" என்றது இருட்டில் இன்னொரு குரல்.

அதுவரை கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் போயிற்று. குழந்தைகள் தூங்கிவிட்டன. இதை ஏகநாதனிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் பொய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது படத்தில் யானை பள்ளத்தில் விழுந்தது.

பெஞ்சு அதிர்ந்தது. கூரைத் தகரத்திலிருந்து தூசி கொட்டியது. அதிர்ச்சி தரை வழியாகக் கால் எலும்பில் ஏறியது.

"இதான்டா படம்!" என்று கத்தி முதலில் கை தட்டியவன் நான். கொட்டகையே தட்டியது.

[*அடிக்குறிப்பு: ஏர் பிளாஸ்ட். பூமிக்குள் பாறை வெடித்துச் சரிவதற்கு எங்கள் ஊர்ப் பேர். வீட்டில் பாத்திரம் ஆடினால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு, ஆள் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். பத்தொன்பது வருஷம் உள்ளே வேலை செய்தவன் அதைச் சினிமா என்று நினைத்தான். அவ்வளவு அலுப்பான படம். ஏதாவது நடக்காதா என்று உட்கார்ந்திருந்தோம்.]

சௌந்தரம் மட்டும் தட்டவில்லை. எழுந்துவிட்டாள். என் வீட்டுக்காரியைத் தாண்டிக் குனிந்து கேட்டாள்.

"அண்ணா, இது படத்துலயா, கீழயா?"

"படத்துலதாம்மா. குந்து."

குந்தினாள். (இந்த இடத்தில் என்னை நம்பாமல் அவள் எழுந்து ஓடுவதாக எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.)

யானை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றது. எல்லோரும் சிரித்தோம். பதினோரு நிமிஷம் கழித்துத்தான் சுரங்கத்துச் சங்கு ஊதியது.

4

முடிவுகள்.

அ) ஷாஃப்டில் ஆளேற்றும் கேஜ் மேலே வருகிறது. ஏகநாதன் இறங்கி, "படம் எப்படிய்யா?" என்கிறான். (எலியின் நெருப்புப் பெட்டியைவிடப் பெரிய பொய்.)

ஆ) ஷிப்டை மாற்றிக்கொள்ளவே இல்லை. கீழே இருப்பது நான். (அப்படியானால் இதை எழுதுவது யார்? எலியா?)

இ) மூன்றாம் நாள் காலையில் ஏகநாதனின் உடலைக் கொண்டுவந்தார்கள். துணி மூடிய... (இது நடந்தது. மேற்கொண்டு வாக்கியம் வரவில்லை.)

5

பாறை விழுந்த நொடியே முடிந்துவிட்டது, பதினோரு நிமிஷம் முன்னால் ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். எனக்கு உண்மையோடு பழக்கம் குறைவு. அதனால் அது உதவவில்லை.

இரண்டு மாதம் கழித்து நானும் வீட்டுக்காரியும் சௌந்தரத்தைப் பார்க்கப் போனோம். சோறு போட்டாள். மோர் ஊற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க குந்த சொன்னீங்க, குந்தினேன். அந்த ஆனை மண்ண தட்டிக்கினு பேசுச்சே, அதுக்கு நல்லா சிரிச்சேன்ணா."

அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

திட்டினாளா? கடைசியாகச் சிரித்த அந்தப் பதினோரு நிமிஷத்துக்காக என்னை மன்னித்தாளா? இரண்டு விதமாகவும் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டிலும் மோர் ஒரே புளிப்பு. அவளிடம் இதுவரை கேட்டதில்லை.

சௌந்தரம் மாரிகுப்பத்தில்தான் இருக்கிறாள், தண்ணீர்க் குழாய்க்கு எதிர்வீடு. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். காப்பி கொடுப்பாள், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவள் பதில் சொல்லிவிட்டால், திரும்பும்போது என் வீட்டு வழியாக வராதீர்கள்.