உட்காரச் சொல்லும் வேலை

“யாருப்பா வந்தாங்க? இதுங்கெல்லாம் எழுந்து நிக்குதே!” என்று 1986ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று சூப்பர்வைசர் தணிகைவேலின் ஐந்து வயது மகள் விஜயகுமாரி கேட்டாள். வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு போகும் சாலையில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், சந்தனப் பொட்டு வைத்த சூட்டடுப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு போர்டை உள்ளே விட்டு ஒரு நடை ஓட்டியிருந்தார்கள். வெளியே வந்த டெலிபோன் போர்டில் படுத்திருக்க வேண்டிய பாகங்களில் நாற்பத்து மூன்று, வாசலைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டிருந்தன. வாசலில், கம்பெனியைப் பெருக்கித் துடைக்கிற சின்னபொண்ணு பொரிக்கூடையோடு நின்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பாகங்கள் அரிசிக் குருணை அளவுதான்; பெண்களும் அவற்றைக் குருணை என்றே சொல்வார்கள். போர்டில் பசை போன்ற ஈயத்தைத் தடவி, இடுக்கியால் குருணைகளை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, அடுப்புக்குள் அனுப்புவார்கள். ஈயம் உருகி நீராகிற சில விநாடிகளில் மட்டும் குருணை அசையலாம். ஆறிவிட்டால் இருந்த கோலத்திலேயே பிடித்துக்கொள்ளும். மேனேஜர் நமச்சிவாயம், தான் வரும்போது பெண்கள் எழுந்தால் மேசை ஆடி வேலை கெடுகிறது, யாரும் எழக் கூடாது என்று சேர்ந்த வாரமே நோட்டீஸ் ஒட்டியவர். அதனால் குருணைகள் எழுந்தபோது அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. “மனுஷங்களத் தடுக்கலாம், மரியாதையத் தடுக்க முடியுமாய்யா?” என்றார். கஞ்சி போட்ட சட்டையாக உடுத்த ஆரம்பித்தார். பிறகு மடுகரையில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் லீவில் போனார். அந்த இரண்டு நாளில் குருணைகள் பன்னிரண்டு முறை எழுந்தன. திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும், மறுநாள் கஞ்சி போடாத பழைய சட்டையிலேயே வந்தார்.

குருணைகள் எழுந்து நின்ற போர்டு போட்ட டெலிபோனில் பேச்சு போகவில்லை. வாங்கிய பம்பாய்க் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. நமச்சிவாயம் சூப்பர்வைசர் தணிகைவேலைக் கூப்பிட்டு, “கார்த்திகை தீபத்துக்குள்ள அதுங்கள உக்கார வையி. இல்லன்னா நீ போயி வூட்ல உக்காரு” என்றார். தணிகைவேல் அடுப்பின் சூட்டைக் கூட்டினான், குறைத்தான், பசையை மாற்றினான், வில்லியனூர்க் கோயிலில் தேங்காய் உடைத்தான். கடைசியில் வந்துபோகும் நேரம் எழுதிய பதிவேட்டைப் பார்த்தபோது, சின்னபொண்ணு உள்ளே வரும் நேரங்களில்தான் எழுச்சி நடப்பது தெரிந்தது. அவள் ஈரச் சாக்கால் துடைப்பவள், தூசியே எழுப்பாதவள் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தே, “துடைப்பத் தூசியே காரணம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்றே அவளை நிறுத்தினார்கள்.

பதினோரு நாள் ஒரு குருணைகூட எழவில்லை. தணிகைவேலின் வேலை தப்பியது. ஆனாலும் அவன் மேசை மேசையாகப் போய் விசாரித்தான். மூன்றாம் மேசை ஜெயா சொன்னாள்: “எல்லாம் நல்லாத்தான் கீது சார். ஆனா கீழ வுழுந்தத யாரு எடுக்கறது? அந்தக்கா வெரல தண்ணில நனைச்சி ஒண்ணொண்ணா ஒத்தி எடுக்கும். மிதி படப் போவுது பாவம்னு ஊதி, எங்க தட்டுலயே வச்சிட்டுப் போவும்.” ஏன் எழுகிறது என்றுதான் இத்தனை நாளும் எல்லாரும் கேட்டார்கள். யார் வந்தார்கள் என்று கேட்டது அந்தக் குழந்தை ஒன்றுதான். தெய்வம் குனிந்து பார்க்கிற இடங்கள் பெரும்பாலும் தரையில்தான் இருக்கின்றன.

அவளைத் திரும்ப அழைத்தால் தன் வேலை போகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு அவள் ஊரான ஒதியம்பட்டுக்குப் போனான். அவள் களையெடுத்துவிட்டுச் சேற்றுக்காலோடு வந்துகொண்டிருந்தாள்.

“வேலைக்கு வாக்கா.”

“இன்னா சாரு, தூசி போயிடுச்சா?”

“நாளைக்கே வந்துடுக்கா” என்றான். தூசி என்று எழுதியது அவன்தான் என்று அவளுக்குத் தெரியாது, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் சாக்கோடு உள்ளே நுழைந்தாள். அடுப்பின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு போர்டிலிருந்த குருணைகள் அத்தனையும் விருட்டென்று எழுந்தன. நமச்சிவாயம் வாசலைக் காட்டி, “கெளம்புய்யா” என்றார். தணிகைவேல் சாவிக்கொத்தை மேசையில் வைத்தான். “இன்னாத்துக்கு சாரு அவர வெரட்டற?” என்று கேட்டுக்கொண்டே சின்னபொண்ணு கண்ணாடி அருகே வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்காக அதுவரை மனுஷர் யாரும் எழுந்ததில்லை. அதனால் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க அவளுக்கும் தோன்றியதில்லை. கூச்சத்தில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். “ஐயே, எனக்கு எதுக்கு இதெல்லாம்? உக்காருங்க, உக்காருங்க” என்றாள். ஈயம் ஆறுவதற்குள் அத்தனையும் உட்கார்ந்தன. அந்தப் போர்டு போட்ட டெலிபோனில் பாகூர் வரை தெளிவாகப் பேச முடிந்தது.

நமச்சிவாயம் சாவிக்கொத்தைத் தணிகைவேல் பக்கமே தள்ளினார். அதற்குப் பிறகு சங்கடம் இல்லை. வேலைமுறைத் தாளில் ஏழாவது வரியாக, “சின்னபொண்ணு உட்காரச் சொல்லுதல்” என்று டைப் அடித்துச் சேர்த்தார்கள். சோதனைக்கு வந்த பம்பாய் அதிகாரி அதைப் படித்துவிட்டு, அதற்கு எத்தனை விநாடி என்று மட்டும் கேட்டார். நான்கு என்றார்கள். குறித்துக்கொண்டார்.

மூன்று வருடம் கழித்துச் சின்னபொண்ணுக்குப் பார்வை மங்கியது. “கீழ கெடக்கறது தெரியல சாரு. அதுங்கள மிதிபட வுட்டுட்டு, உக்காரு உக்காருன்னு சொல்லிக்கினு இருக்கறது நாயமா? நான் நின்னுக்கறேன்” என்றாள். “ஒரு வாரம் பாரு, அக்கா” என்றான் தணிகைவேல். அந்த வாரம் அவள் தரையெல்லாம் விரலால் தடவினாள்; எங்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. “பொண்ணுங்க இப்ப பத்தரமா வேல செய்யுதுங்க” என்று சந்தோஷப்பட்டு, நின்றுகொள்ளும் பேச்சையே விட்டுவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்து தணிகைவேல் தினமும், யாரும் வருமுன் ஏழு மணிக்கே வந்து ஷெட்டைத் திறப்பான். அடுப்பைச் சூடேற்றி, சோதனைப் போர்டு ஒன்றை உள்ளே அனுப்புவான். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரோடு மேசைகளுக்கடியில் தவழ்ந்து, குருணைகளை விரலால் ஒத்தி எடுத்து, ஊதி, அவரவர் தட்டில் வைப்பான். தை மாதத்தில் ஒரு காலை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு குருணை எழுந்து நின்றது. அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை.

“உக்காரு” என்றான் மெதுவாக. அது உட்கார்ந்தது. அவன் மறுபடி குனிந்தான். ஜெயாவின் மேசைக்கடியில் இன்னும் இரண்டு கிடந்தன.